மூன்றரை அங்குலக் கட்டை

உன் தங்கை அனுப்பிய பார்சல் இன்று காலை கம்பெனி கேட்டுக்கு வந்தது. கொழுந்து கிள்ளப் போகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற நீலப் பிளாஸ்டிக் தாளை வெட்டிச் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். வாட்ச்மேன் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "தேயிலைங்களா?" என்று கேட்டார். பிரித்தபோது முதலில் வந்தது தேயிலை வாசம்தான். அதற்கு அடியில் நம் டிசைன் ரூம் பசையின் வாடை இருந்தது. அது மூக்கில் ஏறியதுமே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

உன் செருப்பு. குதியை ஏற்றவும் இறக்கவும் முடிகிற மாதிரி நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஹீல்ஸ். ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டதில் ஜோடியாக உருப்பெற்றது இது ஒன்றுதான். துடைத்து மேசைமேல் வைத்தேன். ஜோடி சமமாக நிற்கவில்லை. உயரம் மாற்றுகிற துளைகளில், வலது குதி கீழிருந்து இரண்டாவதில் இருந்தது, இடது குதி நான்காவதில். இடது செருப்பு அரை அங்குலம் உயர்ந்து நின்றது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது நோண்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டையும் ஒன்றாக்கலாம் என்று பொத்தானை அழுத்தப் போய், என்னவோ தோன்ற, உன் தங்கைக்குப் போன் போட்டேன்.

"அதத் தொடாதீங்கக்கா," என்றாள். "அக்கா வெச்சிருந்தது அப்படியே இருக்கட்டும்னுதான் நாங்களும் தொடல. அவளுக்கு எடது காலு அரை இஞ்சு கொறவுல்லா?"

"எடது காலா?" என்றேன். அவள், "ஒங்ககிட்டக்கூடச் சொல்லலயாக்கா?" என்று கேட்டாள்.

இல்லையடி. என்னிடம்கூடச் சொல்லவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டு, என் அம்மாவின் முட்டி வலிக்கு எந்தத் தைலம் என்பது வரை தெரிந்துவைத்திருந்த நீ, இதைச் சொல்லவில்லை. செத்துப்போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். உன் அடக்கத்தன்று எஸ்டேட் சர்ச்சில் பாதிரியார் அதையெல்லாம் போதுமான அளவு சொல்லிவிட்டார். இது திட்டுவதற்காக எழுதுகிற கடிதம்.

உன் வேலை என்ன என்று உனக்கே ஒரு தடவை ஞாபகப்படுத்துகிறேன். வலித்தால் சொல்வது. அதற்குத்தான் கம்பெனி உன்னை என் ரூமில் உட்காரவைத்திருந்தது.

கஞ்சிக்கோட்டுச் செருப்புக் கம்பெனிக்கு நீ தையல் பிரிவுக்குத்தான் வந்தாய். வந்த இரண்டாவது வாரம், உன் வலது கால் எங்கள் சாம்பிள் அளவுக்கு அச்சாக இருப்பதைக் கண்டுபிடித்தது நான். "ஏனம்மிணி, செத்த இங்க வந்து இதுல காலை உட்டுப் பாரு," என்றேன். நீ காலை விட்டாய். இரண்டு அடி நடந்தாய். "சுண்டுவெரலு மூட்டுக்கிட்ட அறுக்குது. தச்ச எடத்துல இல்ல. அதுக்குக் கீழ உள்துணி மடிஞ்சிருக்கு, பிரிச்சுப் பாருங்க," என்றாய். பிரித்தேன். நூல் அளவுக்கு மடிந்திருந்தது. அன்றைக்கே மேனேஜரிடம் போய், இந்தப் பெண் தையலுக்கு வேண்டாம், எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் படித்த காலேஜில் காலைப் பற்றி மூன்று வருடம் பாடம் நடத்தினார்கள். வலியை இவ்வளவு கணக்காகச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பேன், "எங்கடி வலிக்குது?" என்று. நீயும் நாற்பது தடவை சொல்வாய். பெருவிரல், குதிநரம்பு, பாதத்தின் மேல்வளைவு. ஒரு வாரத்தில் நீ என்னை 'அக்கா'விலிருந்து 'ஏட்டி'க்கு இறக்கிவிட்டாய். எலப்புள்ளியில் பிறந்த என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் கேண்டீனில் யாராவது 'ஏட்டி' என்றால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

என் புத்தி எங்கே போயிருந்தது என்றும் கேட்டுக்கொள்கிறேன். செருப்புத் தொழிலில் சாம்பிள் என்றால் ஒற்றைக் கால்தான். ஒரு மாடல் தேறுமா தேறாதா என்று பார்க்க ஜோடி எதற்கு என்று ஒரு காலுக்கு மட்டும் செய்வார்கள். எங்கள் கம்பெனியில் வலது கால். போட்டுப் பார்க்கிறவள் வலது காலில் சாம்பிளைப் போட்டுக்கொண்டு, இடது காலை அதே உயரமுள்ள மரக்கட்டையில் வைத்து நிற்க வேண்டும். இரண்டு, இரண்டரை, மூன்று, மூன்றரை என்று உயரத்தை எழுதிய கட்டைகள் சன்னலுக்குக் கீழே வரிசையாக இருக்கும். வலது காலை மட்டும் அளந்து, வலது காலை மட்டும் பார்த்து, வலது கால் வலிக்கிறதா என்று மட்டும் கேட்பது என் தொழில். உன் இடது காலை ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட டேப் வைத்து அளக்கவில்லை.

நீ எப்போதும் ஒரு கட்டை தள்ளித்தான் எடுப்பாய். மூன்று அங்குலக் குதிக்கு மூன்றரைக் கட்டை. இரண்டு அங்குலக் குதிக்கு இரண்டரைக் கட்டை.

"ஏண்டி, மூணுக்கு மூணுதான எடுக்கோணும்? பன்னெண்டாவது படிச்சவதான நீ?"

"எனக்கு இதுலதாண்டி ஒழுங்கா நிக்க முடியுது."

அதற்கு நானே ஒரு காரணமும் கண்டுபிடித்தேன் பார். செருப்புக்கு அடியட்டை தடிமன் இருக்கிறது, கட்டைக்கு இல்லை, அதனால்தான் உனக்கு அரை அங்குலம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று போர்டில் படம் போட்டு உனக்கு விளக்கினேன். நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாய். "ஓகோ, அப்படியா சேதி," என்றுகூடச் சொன்னாய். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதிரில் ஒரு முட்டாள் சாக்பீஸை வைத்துக்கொண்டு படம் போடுகிறாள், இவளுக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று உனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா?

இன்னும் இருக்கிறது. இந்தப் பாலக்காட்டு வெயிலில், பங்குனி மாதத்தில், சாக்ஸ் போட்டுக் கேன்வாஸ் ஷூ போடுகிற ஒரே பெண் நீதான். செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஒரு நாளாவது திறந்த செருப்பு போட்டு வந்தாயா என்று எல்லோரும் கேலி செய்தோம். "எங்க மலையில அட்டப்பூச்சிட்டி, சின்னதுலருந்தே பழகிருச்சு," என்றாய். நடக்கும்போது உன் உடம்பு லேசாக ஒரு பக்கம் ஆடும். அதற்கு 'மலை நடை' என்று பெயர் வைத்தோம். "சமவெளிக்கு வந்து வருஷம் ஒண்ணாகப்போகுது, இன்னும் மலை நடை போகலியே உனக்கு," என்று பஸ்ஸுக்கு நடக்கும்போதெல்லாம் ஓட்டினேன். மலையிலிருந்து வந்தவள் அப்படித்தான் நடப்பாள் என்று இந்தக் கம்பெனியே நம்பியது. நீயும் சிரித்துக்கொண்டே சும்மா இருந்தாய்.

பிறகு அந்தக் கார்க் துண்டு. வெட்டிப் போட்ட கார்க் தகட்டில் அரை அங்குலத் தடிமனாகப் பார்த்துப் பொறுக்குவாய். "ஹாஸ்டல்ல மேச ஆடுதுட்டி, அடியில வைக்கணும்." மாதம் ஒன்று எடுத்துப்போவாய். "எத்தன மேசைடி உங்க ஹாஸ்டல்ல? ஊர் மேசையெல்லாம் ஆடுதாட்ட இருக்குது," என்று கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும் என்னோடு சிரித்தாய். அந்தத் துண்டு உன் இடது ஷூவுக்குள், குதிகாலுக்கு அடியில் கிடந்து நசுங்கியிருக்கிறது. நான் கொடுத்த கார்க்தான்.

ஹீல்ஸ் யோசனை உன்னிடமிருந்து வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: "மேட்டுல ஏறும்போது குதி ஒசரமா இருந்தா பாதம் சமமா இருக்கும், நோவாது. எறங்கும்போது அதே குதி ஆளத் தள்ளிவிட்டுரும். ஒரே செருப்புல ஏத்தி எறக்குற மாதிரி இருந்தா எப்படி இருக்கும்ட்டி?" எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்யாண மண்டபத்துக்கு உயரம், திரும்பி வரும்போது பஸ்ஸுக்குத் தாழ்வு. துணிக்கடையில் நாள் முழுக்க ஹீல்ஸோடு நிற்கச் சொல்கிறார்களே, அந்தப் பெண்கள் மத்தியானத்துக்கு மேல் இறக்கிக்கொள்ளலாம். நான் இப்படி அடுக்கிக்கொண்டே போனேன். நீ துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

சொல்வது சுலபமாக இருந்தது, செய்வதுதான் உயிரை எடுத்தது. குதியை மட்டும் இறக்கினால் செருப்பின் நடுவளைவு பழைய உயரத்துக்கு வளைந்தபடியே நிற்கும். பாதத்துக்கு அடியில் காற்று இருக்கும், எடை முழுக்க விரலுக்குப் போகும். நீ பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து, "முன்பாதம் எரியுது" என்பாய். நடுவில் இருக்கிற எஃகுத் தகட்டை இரண்டாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகிற மாதிரி வைத்தேன். அப்புறம் குதியின் அடி தரையில் சாய்ந்து நின்றது. அதற்கு ஒரு ரப்பர் மூட்டு வைத்தோம். உயரத்தை மாற்றுவதற்கு முதலில் திருகு வைத்தேன். நாலு நடையில் அது தானாகத் தளர்ந்துவிட்டது. அப்போது நீதான் சொன்னாய், "குடையில இருக்குல்லா, அந்த மாதிரி ஒரு பித்தான் வையி. அமுக்குனா உள்ள போவணும், அடுத்த ஓட்டைக்கு வந்ததும் டக்குன்னு வெளிய வரணும்."

குடை இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. உன் தங்கை சொன்னாள். பதினோரு வயதில் மழைநாளில் தேயிலைக்காட்டுப் பாதையில் சறுக்கி விழுந்து இடது காலை முறித்துக்கொண்டாயாம். எலும்பு கூடியது, ஆனால் குட்டையாகக் கூடியது. "ஆஸ்பத்திரியில ஒரு ஊனுகோலு குடுத்தாங்கக்கா. பித்தான அமுக்குனா நீளும். அத டக்கு டக்குன்னு வெச்சு வெளயாடிக்கிட்டே இருப்பா. ஒரு வருசம் அதோடதான் பள்ளிக்கூடம் போனா." அந்த டக்கென்ற சத்தம் சரியாக விழும்வரை ஸ்பிரிங்கை ஏழு தடவை மாற்றவைத்தாயே என்னை. இவளுக்கு எதற்கு இந்த அடம் என்று எரிச்சல்பட்டேன்.

ஐந்து துளை வேண்டும் என்பதும் உன் அடம். இரண்டு அங்குலத்திலிருந்து மூன்று வரை, கால் அங்குலத்துக்கு ஒன்று. "கால் இஞ்சு யாருக்குடி தெரியப்போகுது?" என்றேன். "தெரியும்ட்டி, காலுக்குத் தெரியும்," என்றாய். குதிக்குள் ஏறி இறங்குகிற குழாயில் ஒரே வரிசையாக ஐந்து துளை போட்டால் பலம் குறையும். அதனால் ஒன்றை இந்தப் பக்கம், ஒன்றை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். டெஸ்டிங்கில் தாங்கியது. அன்றைக்கு நீ என் கன்னத்தைக் கிள்ளினாய்.

சாம்பிள் தேறியதும், இடது காலுக்கும் ஒன்று செய்து தரச் சொல்லி நச்சரித்தாய். மழை முடிந்து உன் தங்கைக்குக் கல்யாணம், சர்ச்சில் பெண்ணுக்குப் பின்னால் நீதான் நடந்து போக வேண்டும், பிறந்ததிலிருந்து ஹீல்ஸ் போட்டதில்லை, அன்றைக்காவது போட வேண்டும் என்றாய். செய்தேன். சம்பங்கிப் பூ நிறத்தில் தோல், விரல் தெரிகிற மாதிரி முன்பக்கம் திறந்தது. உனக்காக என் கையால் தைத்தேன், மெஷினுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்த அன்று ஆசையாகக் கேட்டேன், "ஒருக்காப் போட்டுக் காட்டுடி."

"காலு அழுக்கா இருக்கு. ஊருக்குப் போயிப் போட்டுக்கிடுதேன்."

"அழுக்கிருந்தா என்ன? நான் பாக்காத காலா?"

"ஊருல வெச்சுப் போட்டுக்கிடுதேம்ட்டி. விடேன்."

டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாய். எனக்கு முகம் தொங்கிப்போனது. அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை. மேனேஜருக்கு முன்னால் போட்டுக் காட்டியதெல்லாம் வேலை, எனக்காக ஒரு தடவை போட்டுக் காட்ட மனசில்லை என்று கறுவிக்கொண்டேன். இரண்டு காலிலும் ஒரே துளையில் போட்டு நின்றால் நீ சாய்வாய். வெவ்வேறு துளையில் போட்டால் நான் ஏன் என்று கேட்பேன். இவ்வளவு சின்ன விஷயத்தை ஒரு தோழியிடம் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு பெரிய ரோஷம் இருக்க வேண்டும்!

இதுவரை எழுதியதை இப்போது திருப்பிப் படித்தேன். நீ சொல்லவே இல்லை என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். அது பொய். நீ ஒரு தடவை சொன்னாய்.

வைகாசியில் நடந்த அந்த மீட்டிங். மேனேஜர் சாம்பிளைக் கையில் வாங்கிப் பொத்தானை ஐந்து தடவை அழுத்திப் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது. "நல்லா இருக்கு. ஆனா அஞ்சு தொளை எதுக்கு? ஆளுங்க குழம்பும். மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. ரெண்டு மதி," என்றார், அவருடைய மலையாளத் தமிழில். நான் வாயைத் திறக்கவில்லை. ஓணத்துக்கு முன்னால் கடைக்கு வர வேண்டும், நான் டிசைன் செய்த மாடல் என்று ஒன்றாவது வெளியே வர வேண்டும். என் தலைக்குள் அதுதான் ஓடியது. அப்போது நீ எழுந்தாய். போட்டுப் பார்க்கிற பெண் மீட்டிங்கில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"சார், ஒரு காலு ஒசரமும் ஒரு காலு கொஞ்சம் கொறவுமா இருக்கவங்க இருப்பாங்கல்லா? அவங்களுக்கு ஒவ்வொரு காலுக்கு ஒவ்வொரு ஓட்டையில வெச்சா..."

மேனேஜர் முடிக்க விடவில்லை. "அவங்க ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் மோளே. இது ஃபேஷன்," என்று சிரித்தார். மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அதோடு நின்றேனா? "ஆமாங்க சார், ரெண்டே போதுமுங்க," என்றேன். அஞ்சு துளை என்றால் குழாய் பலம் குறையும் என்று காரணமும் சொன்னேன், டெஸ்டிங்கில் தாங்கியது தெரிந்தே. நீ என்னைப் பார்த்தாய். முகத்தில் கோபம் தெரியவில்லை. "சரி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். வெளியே வந்ததும், "என்னட்டி, கேண்டீன்ல பழம்பொரி போட்டுருக்கான், வாரியா?" என்று எப்போதும்போலக் கூப்பிட்டாய். நானும் வந்து இரண்டு தின்றேன்.

ஆனியில் லீவு போட்டு ஊருக்குப் போனாய். உங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடை நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்ததையும், நீ இறங்கிச் சாமானை அள்ளியதையும், காலில் ஏதோ கீறியதையும் போனில் சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டபோது குரல் கம்மியிருந்தது. "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல, லேசா மேலுவலி, சும்மாதான்," என்றாய். அது எலிக்காய்ச்சல். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, கண் மஞ்சளாகும் வரை வீட்டில்கூடச் சொல்லாமல் படுத்திருந்தாய். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. உள்துணி நூல் அளவு மடிந்திருந்தால் சொல்லத் தெரிந்த உனக்கு, உடம்பு முழுக்க வலித்தபோது 'சும்மா' என்றுதான் சொல்லத் தெரிந்ததா? உன் அம்மாவுக்கு என்னடி பதில் வைத்திருக்கிறாய்? சவப்பெட்டியில் வெள்ளை சாக்ஸ் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். அப்போதும் நான் காலைப் பார்க்கவில்லை.

காலையில் உன் தங்கை இன்னொன்றும் சொன்னாள். காய்ச்சல் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மழை விட்டிருந்தபோது, இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு லயத்து முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாயாம். "கொஞ்சங்கூட ஆடாம நடந்தாக்கா. நேரா. எங்க அம்ம பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டு அழுதுட்டு. பக்கத்து வீட்டு ஆளுகள்லாம் வந்து நின்னு பாத்தாங்க." உன் கல்யாண ஊர்வலம்போல எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். செய்தவள் நான். நான் பார்க்கவில்லை. இதை நான் உனக்கு மன்னிப்பதாக இல்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மேசையில் அந்த ஃபாரம் இருந்தது. இரண்டு துளை மாடலுக்குக் கடைசி ஒப்புதல். என் கையெழுத்து விழுந்தால் திங்கட்கிழமை மீட்டிங்கில் வைத்துவிட்டு, உடனே அச்சு வெட்டப் போய்விடும். நேற்று சாயங்காலமே போட்டிருப்பேன், பேனாவில் மை தீர்ந்திருந்ததால் தள்ளிப்போட்டேன். அதில் குறுக்கே கோடு போட்டு, 'ஐந்து துளை. சாம்பிள் இரண்டு காலுக்கும்' என்று எழுதி எடுத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன். செருப்பையும் எடுத்துப்போனேன்.

"இதென்ன? அது முடிஞ்சு போன கேஸ் அல்லே?" என்றார்.

"முடியலீங்க சார். டெஸ்டிங்ல அஞ்சும் தாங்குச்சுங்க. நான் அன்னிக்கு மீட்டிங்ல சொன்னது பொய்யிங்க."

"யாருக்கு வேணும் இது?"

செருப்பை அவர் மேசைமேல் வைத்தேன். ஒன்று தாழ்ந்தும் ஒன்று உயர்ந்தும் நின்றது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஒன்றும் மடையர் இல்லை. "அந்தக் குட்டிக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்காலியில் சாய்ந்தார். பிறகு ஃபாரத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "பாவம். ஆனா ரெண்டு மதி. நீ ஒப்பிடலேன்னா வேறே ஆள் ஒப்பிடும்," என்றார்.

"போடட்டுமுங்க. நான் போட மாட்டேனுங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். இல்லை, கோபம்தான்.

தையல் பிரிவு வழியாகத்தான் திரும்பினேன். எங்கள் ஊர்ப் பஸ்ஸில் வருகிற அந்த அக்கா, மூன்றாவது மெஷினில் இருப்பாரே, நீ ஊறுகாய் வாங்கித் தின்பாயே, அவர்தான். மெஷினை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, அது அந்தப் புள்ளையோட செருப்புதானுங்களே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் காலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். "போட்டுப் பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். உன் தங்கை தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். உன் இரண்டு துளையைச் சுற்றியும் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுத்தான் தொட்டேன். இரண்டையும் தாழ்வான துளைக்குக் கொண்டுவந்து கொடுத்து, "உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி வெச்சுக்குங்க," என்றேன்.

அவர் மெஷின் வரிசைக்கு நடுவில் நாலடி நடந்தார். நின்றார். குனிந்து வலது குதியை ஒரு துளை ஏற்றினார். டக்கென்று சத்தம் கேட்டது. நிமிர்ந்து, யாராவது பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏனுங்க அப்படி?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதானுங்க."

அந்தச் 'சும்மா' எனக்குத் தெரியும். இந்தத் தடவை விடவில்லை. அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, நானே தரையில் உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கழற்றினேன். வெறும் காலைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன், "செருப்பு போடாதப்ப எங்க வலிக்குமுங்க?"

பக்கத்து மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து என் காதருகே, "இடுப்புலீங்க. வலப்பக்கம். நெம்ப வருஷமா," என்றார். திங்கட்கிழமை மீட்டிங்குக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு யாராவது சிரிக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

உன் மூன்றரை அங்குலக் கட்டையை வரிசையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்திருக்கிறேன். உன் குதிகால் பட்ட இடம் வழுவழுவென்று இருக்கிறது. இனி என் ரூமில் யாரும் கட்டைமேல் நிற்க வேண்டாம். உன்மேல் கோபம் போகவில்லையடி, போகும் என்றும் தோன்றவில்லை. அதில் பாதிக்கு மேல் என்மேல்தான். ஒரு வருடம், ஒரு நாளைக்கு நாற்பது தடவை, எங்கே வலிக்கிறது என்று உன்னிடம் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடச் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கேட்கவில்லை.